55 நிமிடம் எங்கே போனது: ஒரு வார இறுதியின் குழு சவாரியும் வழி பார்த்தலும்

சனிக்கிழமை காலை 9:30க்கு முடிந்திருக்க வேண்டிய எங்கள் சைக்கிள் சவாரி 10:25க்கு முடிந்தது. புறப்பட்ட இடத்துக்கே 14 பேரும் திரும்பிச் சேர்ந்தபோது, எல்லோருக்கும் கடைசியாக வந்த அக்கா ஹெல்மெட்டைக் கழற்றியதும் கழற்றாததுமாக, "என்னாலதான் எல்லாருக்கும் லேட்டாயிடுச்சு, மன்னிச்சுக்கோங்கப்பா" என்றார். யாரும் அதை மறுக்கவில்லை. "அப்படியெல்லாம் இல்லக்கா" என்று ஓரிருவர் சொன்னதும் ஒப்புக்குச் சொன்னதுதான் என்பது அவருக்கும் தெரிந்திருக்கும். ஐம்பதைக் கடந்த வயதில், நான்கு மாதங்களுக்கு முன்புதான் மீண்டும் சைக்கிளைத் தொட்டவர் அவர். அடுத்த சவாரிக்கு வரமாட்டார் என்றே எனக்குப் பட்டது.

அன்று குழுவின் கடைசியில் வரும் பொறுப்பு என்னுடையது. அந்தப் பொறுப்பில் இருப்பவரை நாங்கள் ஸ்வீப் என்போம். அவருக்குப் பின்னால் குழுவைச் சேர்ந்தவர் எவரும் இருக்கக் கூடாது என்பதே அவருடைய ஒரே விதி. ஆகவே 52 கிலோமீட்டரும் நான் அக்காவை ஒட்டியே வந்தேன். அவர் எங்கும் அசட்டையாக மிதிக்கவில்லை என்பதைக் கண்ணால் கண்டிருந்தும், அவர் மன்னிப்புக் கேட்டபோது நானும் பேசாமல்தான் நின்றேன். அந்த உறுத்தலில்தான் அன்று மாலை என் சைக்கிளில் நேரமும் வேகமும் குறிக்கும் கருவியின் பதிவையும், முன்னால் வழிநடத்திச் சென்ற தம்பியின் பதிவையும் அருகருகே வைத்துப் பார்க்கத் தொடங்கினேன். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, அடுத்த சவாரிக்கான புதிய வழியைப் பார்த்துவர முன்பே திட்டமிட்டிருந்தோம். சனிக்கிழமைக் கணக்கு அந்த வேலையை எப்படி மாற்றியது என்பதே இந்த ஆய்வு.

சனிக்கிழமை

திட்டம் எளியதுதான். காலை 6:00 மணிக்குப் புறப்பாடு. 52 கிலோமீட்டரை மணிக்கு 18 கிலோமீட்டர் வேகத்தில் கடக்க 173 நிமிடம். நடுவில் ஓய்வுக்கு 25 நிமிடம். எதிர்பாராதவற்றுக்கென்று 12 நிமிடம். ஆகக் கூடி மூன்றரை மணி நேரம். யாரையும் விட்டுவிட்டுப் போகாத சவாரி என்று முன்கூட்டியே அறிவித்திருந்தோம். குழுவில் நாள்தோறும் 40 கிலோமீட்டர் ஓட்டுபவர்களும் இருந்தார்கள், வாரம் ஒருமுறை மட்டும் சைக்கிளை வெளியே எடுப்பவர்களும் இருந்தார்கள்.

புறப்பாடே 10 நிமிடம் தாமதமாயிற்று. ஒருவருடைய டயரில் காற்று குறைவாக இருந்தது. பம்ப் கொண்டுவந்தவர் இன்னும் வந்திருக்கவில்லை. இதைப் பெரிதாகப் பேசுவதில் பொருளில்லை. எந்தக் குழுவிலும் முதல் 10 நிமிடம் இப்படித்தான் போகும். 6:00 மணிக்குச் சக்கரம் உருள வேண்டுமென்றால் 5:45க்கு வரச் சொல்ல வேண்டும்.

அதன்பிறகு வழியெங்கும் ஒரே மாதிரி நடந்தது. முன்னால் போனவர்கள் ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று பின்னால் வருபவர்களுக்காகக் காத்திருந்தார்கள். நானும் அக்காவும் போய்ச் சேரும்போது சிலர் சைக்கிளைச் சாய்த்து வைத்துவிட்டு உட்கார்ந்திருப்பார்கள். ஒருவர் கையுறையைக் கழற்றியிருப்பார். இன்னொருவர் போனில் இருப்பார். "வந்துட்டாங்க, கிளம்பலாம்" என்ற குரல் எழும். அக்கா தண்ணீர் பாட்டிலை எடுத்து ஒரு வாய் குடித்து மீண்டும் செருகுவதற்குள் முன்னவர்கள் பெடலில் கால் வைத்திருப்பார்கள். ஆனால் எல்லோரும் ஒன்றாகக் கிளம்பியதாக நினைவில்லை, ஏனெனில் யாராவது ஒருவர் கையுறையை மாட்டிக்கொண்டிருப்பார். இப்படி ஒன்பது இடங்கள்.

ஏறத்தாழ 20ஆவது கிலோமீட்டரில் ஒருவருடைய பின் சக்கரம் பஞ்சரானது. மூன்று பேர் ஒரே சக்கரத்தைப் பிடித்தார்கள். பழைய டியூபை உருவி, புது டியூபைப் போட்டு, காற்றடித்து, 8 நிமிடத்தில் வேலையை முடித்துப் பெருமிதத்தோடு கிளம்பியவர்கள் 600 மீட்டர் போவதற்குள் மறுபடியும் இறங்கினார்கள். "டயருக்கு உள்பக்கம் தடவிப் பாத்தீங்களாப்பா?" என்று அக்காதான் கேட்டார். யாரும் பார்க்கவில்லை. அவர் கழுத்தில் சுற்றியிருந்த துணியின் ஒரு முனையை டயருக்குள் விட்டு மெல்லச் சுற்றிக்கொண்டே வந்தார். ஓரிடத்தில் துணியின் நூல் சிக்கிக்கொண்டது. விரல் நகத்தைவிடச் சிறியதொரு எஃகுக் கம்பித் துண்டு, வெளியே தெரியாமல் ரப்பருக்குள் புதைந்து, உள்பக்கம் மட்டும் மயிரிழையாக நீட்டிக்கொண்டிருந்தது. கனரக வண்டிகளின் டயர்கள் வெடித்துச் சிதறும்போது சாலையில் உதிரும் கம்பிகள் இவை. சாலையோரமாகவே ஓட்டும் நம் போன்றோருக்கு வாய்ப்பவை. விரலால் தடவாமல் துணியால் தடவியதும் சரியான செயல்தான். விரலென்றால் கம்பி சொல்லும் சேதி இரத்தத்தில் இருக்கும்.

கம்பி கிடைத்தும் வேலை முடியவில்லை. அடுத்த மாற்று டியூபைத் தந்தவருடைய சைக்கிளில் இருந்தது தடித்த ஸ்க்ரேடர் வால்வு. பஞ்சரான சக்கரத்தின் ரிம்மில் இருந்தது மெல்லிய ப்ரெஸ்டா வால்வுக்கான துளை. ஸ்க்ரேடரின் தண்டு ஏறத்தாழ 8 மில்லிமீட்டர், ப்ரெஸ்டாவினுடையது 6 மில்லிமீட்டர். பெரியது சிறிய துளைக்குள் போகாது என்பதை மூன்று பேர் முயன்றுபார்த்து உறுதிசெய்தார்கள். கடைசியில் கிழிந்த டியூபுக்கே ஒட்டுப்போட வேண்டியதாயிற்று. இரண்டாம் சுற்றுக்கு 14 நிமிடம். ஆகப் பஞ்சருக்கு மொத்தம் 22 நிமிடம். அந்த நேரம் முழுவதும் மற்ற 10 பேர் குறுகிய சாலையின் விளிம்பில், வளைவுக்குச் சற்று முன்பாக நின்றுகொண்டிருந்தார்கள் என்பதுதான் எனக்கு இன்றும் நெஞ்சை அடைக்கிறது.

மூன்றாவது நிகழ்வு 38ஆவது கிலோமீட்டரில். சாலை இரண்டாகப் பிரியும் இடத்தில், நடுவில் ஓட்டிக்கொண்டிருந்த இருவர் நேராகப் போய்விட்டார்கள். முன்னவர்கள் திரும்பிச் சிறிது தூரம் தள்ளி, கண்ணில் படாத நிழலில் நின்றிருந்தார்கள். இருவரும் 2 கிலோமீட்டர் போனபின்தான் சந்தேகப்பட்டு, போன் செய்து, திரும்பி வந்தார்கள். 18 நிமிடம். அவர்கள் இருவரும் மெதுவாக ஓட்டுபவர்கள் அல்லர்.

பதிவு சொன்னது

என் கருவியின்படி சக்கரம் உருண்ட நேரம் 173 நிமிடம். சராசரி வேகம் மணிக்கு 18.0 கிலோமீட்டர். திட்டத்தில் எழுதியிருந்த அதே எண். குழுவின் கடைசி ஆளுடைய வேகமே திட்டமிட்ட வேகமாக இருந்திருக்கிறது என்றால், மெதுவாக ஓட்டியதால் ஒரு நிமிடம்கூடத் தாமதம் ஏற்படவில்லை என்பதே பொருள். மொத்தம் 255 நிமிடத்தில் நின்ற நேரம் 82 நிமிடம். அதில் ஓய்வின் 25 நிமிடத்தைக் கழித்தால் 57. பஞ்சருக்கு 22, வழி தவறியதற்கு 18, மீதி 17 நிமிடம் அந்த ஒன்பது திருப்பங்களில், ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ 2 நிமிடமாகப் போயிருந்தது. அவசரத்துக்கென்று ஒதுக்கிய 12 நிமிடத்தைக் கழித்து, புறப்பாட்டின் 10 நிமிடத்தைக் கூட்டினால் 55 நிமிடத்துக்கும் கணக்கு நேராகிவிடுகிறது.

தம்பியின் பதிவு இன்னொன்றைக் காட்டியது. அவர் மணிக்கு 21.4 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டி, 109 நிமிடம் நின்றிருக்கிறார். என்னைவிட 27 நிமிடம் கூடுதல் ஓய்வு. ஒவ்வொரு திருப்பத்திலும் அவர் 5 நிமிடம் நின்றார். நாங்கள் 2 நிமிடம் நின்றோம். அதிகம் இளைப்பாற வேண்டியவருக்குக் குறைந்த ஓய்வும், தேவையில்லாதவருக்கு நிறைந்த ஓய்வும் கிடைக்கும்படி நாங்களே ஓர் ஏற்பாட்டைச் செய்துவைத்திருந்தோம். அதோடு, முன்னவர்கள் வேகமாகப் போனதால் குழு ஒரு நிமிடம்கூட முன்னதாக வந்து சேரவில்லை. குழுவின் நேரத்தைக் கடைசிச் சக்கரமே தீர்மானிக்கிறது. முன்சக்கரத்தின் வேகம் காத்திருக்கும் நேரமாக மாறுகிறது, அவ்வளவுதான். நான் முன்பு எண்ணியிருந்ததற்கு மாறாக, காத்திருப்பதே இழப்பு என்று சொல்வதற்கில்லை. கடைசி ஆள் வந்து சேர்ந்தபின், உட்கார்ந்துவிட்ட 12 பேரை மறுபடி சைக்கிளில் ஏற்றிக் கிளப்புவதற்கு ஆகும் 2 நிமிடமே உண்மையான இழப்பு.

ஒரே வேகத்தில் எல்லோரையும் சேர்த்து அழைத்துப் போவது புதிய எண்ணமில்லை. 1897இல் இத்தாலியில் தோன்றி, 1904இல், டூர் டி பிரான்ஸ் பந்தயத்தைத் தொடங்கிய ஆன்ரி தெக்ராஞ்சால் பிரான்சில் நிலைபெற்ற ஆடாக்ஸ் என்னும் நெடுந்தூரச் சவாரி மரபில், குழுவுக்கு ஒரு வழித்தலைவர் இருப்பார்; அவரை எவரும் முந்தக் கூடாது; குழு முழுவதும் மணிக்கு 22.5 கிலோமீட்டர் என்ற நிலையான வேகத்தில் செல்லும். இன்று பலர் அறிந்திருப்பது அவரவர் வேகத்தில் ஓட்டும் ப்ரெவே வகை. 200 கிலோமீட்டரைப் பதின்மூன்றரை மணி நேரத்தில் முடிக்க வேண்டியது. பழைய ஆடாக்ஸ் முறையின் கண்டிப்பு எங்கள் குழுவுக்கு ஒத்துவராது. ஆனால் முன்னால் செல்பவரின் கடமை வேகம் காட்டுவதன்று என்ற அதன் அடிப்படை எங்களுக்கும் பொருந்தும்.

இதோடு சேர்த்து ஒரு தவறான நம்பிக்கையையும் சொல்லிவிட வேண்டும். முன்னால் போகிறவரின் பின்சக்கரத்தை ஒட்டி ஓட்டினால் காற்றின் தடை குறையும் என்று, புதியவர்களையும் நெருங்கி ஓட்டச் சொல்வது எங்கள் குழுவில் வழக்கமாக இருந்தது. காற்றை எதிர்க்கத் தேவைப்படும் ஆற்றல் வேகத்தின் மூன்றாம் அடுக்கில் ஏறுகிறது. நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டும் ஒருவருக்கு மணிக்கு 30 கிலோமீட்டரில் ஏறத்தாழ 140 வாட் தேவைப்பட்டால், 18 கிலோமீட்டரில் 30 வாட்தான் தேவைப்படும். மூன்றில் ஒரு பங்கு மிச்சமானாலும் அங்கே 45 வாட்டுக்கு மேல், இங்கே வெறும் 10 வாட். அந்த 10 வாட்டுக்காகப் புதியவர் ஒருவரை ஒரு மீட்டர் இடைவெளியில் ஓட்டச் சொல்வது தகாது. 18 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு விநாடிக்குள் சைக்கிள் 5 மீட்டர் போய்விடும். பிரேக்கை நோக்கி விரல் நீளவே அந்த ஒரு விநாடி ஆகலாம்.

ஞாயிற்றுக்கிழமை

வழி பார்க்கப் போவதென்றால் எங்கள் வழக்கம், குழுவில் வலுவான இருவர் விடியலில் கிளம்பி, சுற்றிவிட்டு வந்து, "நல்ல ரோடு, ஒரே ஒரு மேடு, பிரச்சினை இல்ல" என்று சொல்வது. சனிக்கிழமைக் கணக்கைப் பார்த்தபின் அந்த அறிக்கைகளில் எதையும் நம்ப எனக்கு மனம் வரவில்லை. வலுவான காலுக்கு எந்த மேடும் தெரியாது. இரவே அக்காவுக்குப் போன் செய்து கணக்கைச் சொன்னேன். சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்போ நாளைக்கு எத்தனை மணிக்கு?" என்று கேட்டார். அவர், தம்பி, நான் என்று மூவர் காலை 6:00 மணிக்குக் கிளம்பினோம்.

வரைபடத்தில் தம்பி வரைந்திருந்த வழி 44 கிலோமீட்டர் வட்டம். மொத்த ஏற்றம் 310 மீட்டர் என்று செயலி காட்டியது. திரும்பி வந்தபோது காற்றழுத்தத்தால் உயரம் அளக்கும் என் கருவி 420 மீட்டர் என்றது. இரண்டில் எதுவும் பொய் சொல்லவில்லை. வரைபடச் செயலிகள் பல அடிப்படையாகக் கொள்ளும் உயரத் தரவு, 2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்ணோடம் 11 நாள் பறந்து ரேடாரால் திரட்டியது. அதன் ஒரு கட்டம் ஏறத்தாழ 30 மீட்டர் அகலம். அதற்குள் அடங்கும் சிறு பள்ளமும் மேடும் சராசரியில் கரைந்துவிடும். மரங்களின் தலையும் தரையாகக் கணக்காகிவிடலாம். காற்றழுத்தக் கருவியோ நொடிக்கு நொடி அளக்கும். ஆனால் 8 மீட்டர் ஏற்றத்துக்கு ஒரு மில்லிபார் அளவே அழுத்தம் குறையும் என்பதால், வானிலை சற்று மாறினாலும் அதையும் மேடாகவோ பள்ளமாகவோ எண்ணிக்கொள்ளும். ஆகவே மொத்த ஏற்றம் என்ற எண்ணை வைத்து ஒரு வழியைக் கடினம், எளிது என்று சொல்வதை நான் விட்டுவிட்டேன்.

முதல் 4 கிலோமீட்டர் முடிந்ததும் வழி கிழக்கே திரும்பியது. நேர் எதிரே, அடிவானத்தை விட்டு இன்னும் விலகாத சூரியன். 6 கிலோமீட்டர் தூரம் எதிரே வருவது எதுவும் நிழலுருவாகவே தெரிந்தது. எங்களுக்குத் தெரியாமல் போனதைவிட, பின்னால் வரும் வண்டி ஓட்டுபவருக்கும் அதே சூரியன் கண்ணில் அடிக்கும், அவருக்கு நாங்கள் தெரியமாட்டோம் என்பதே கவலைக்குரியது. மதியத்தில் வந்து வழி பார்த்திருந்தால் இது தெரிந்தே இருக்காது. சவாரி போகும் அதே நேரத்தில் வழி பார்க்க வேண்டும் என்பதற்கு இதைவிட வேறு சான்று தேவையில்லை.

11ஆவது கிலோமீட்டரில் தார்ச்சாலை முடிந்து சரளைக்கல் தொடங்கியது. செயலியில் அது தார்ச்சாலை என்றே இருந்தது. 2004இல் தொடங்கி, தன்னார்வலர்கள் வரைந்துவரும் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் சாலையின் மேற்பரப்பு என்ன என்பதை யாராவது பதிந்திருந்தால்தான் இருக்கும். பதியாத இடத்தில் சாலையின் வகையை வைத்துச் செயலி தானாக ஊகித்துக்கொள்கிறது. 1.4 கிலோமீட்டர் சரளை. தம்பியின் சைக்கிளில் 28 மில்லிமீட்டரே அகலமுள்ள மெல்லிய டயர். அவர் கல்லின் மேல் நடனமாடிக்கொண்டு போனார். அக்கா இறங்கித் தள்ளினார். வழியில் ஒரு வீட்டு நாய் எங்களைத் துரத்தவந்து, மூவரும் நின்றதும் என்ன செய்வதென்று தெரியாமல் அதுவும் நின்றுவிட்டது. சுற்றுவழி ஒன்று இருந்தது, 2.3 கிலோமீட்டர் கூடுதல், முழுவதும் தார். அதையே எடுத்துக்கொள்வது என்று அங்கேயே முடிவாயிற்று.

16ஆவது கிலோமீட்டரில் ஓய்வுக்கென்று குறித்திருந்த பூங்காவுக்கு 7:20க்குப் போய்ச் சேர்ந்தோம். நிழல், தண்ணீர், சைக்கிள்களைச் சாய்த்து வைக்க நீண்ட மதில், திறந்திருந்த கழிப்பறை என்று எல்லாமே இருந்தன. தம்பி குறித்துக்கொண்டு கிளம்பத் தயாரானார். அக்கா வாசலில் இருந்த பலகையைப் படித்துவிட்டு வந்து, "இது ஏழு மணிக்குத்தான் திறப்பாங்களாம், தம்பி" என்றார். சரளையில் தள்ளிக்கொண்டு வந்ததால்தான் நாங்கள் 7:20க்கு வந்தோம். 18 கிலோமீட்டர் வேகத்தில் வரும் குழு 6:53க்கே பூட்டிய கதவின் முன் நின்றிருக்கும். குழுவில் பெண்கள் ஐந்து பேர் உண்டு. இந்த ஒரு கதவை முன்னிட்டே சிலர் காலையில் தண்ணீர் குடிக்காமல் வருகிறார்கள் என்பதை அன்றுதான் அக்கா சொல்ல நாங்கள் கேட்டோம். இத்தனை வழிகளைப் பார்த்துவந்த நாங்கள் ஒருமுறைகூட இதைக் குறித்ததில்லை.

23ஆவது கிலோமீட்டரில் வந்தது இறக்கம். 1.2 கிலோமீட்டரில் 48 மீட்டர் இறங்குகிறது. சராசரி 4 சதவீதம் என்பதால் வரைபடத்தில் பச்சையாகத் தெரிந்த இடம். ஆனால் அந்த 48 மீட்டரில் 18 மீட்டர், கடைசி 200 மீட்டரிலேயே குவிந்திருந்தது. அதாவது 9 சதவீதம். அந்த 200 மீட்டரின் முடிவில் ஒரு வளைவு. வளைவின் உள்பக்கத்தில், மழைநீர் அடித்துக்கொண்டு வந்து பரப்பிய மணல். அக்கா இரண்டு பிரேக்கையும் இறுகப் பிடித்துக்கொண்டு, தோள்கள் காதைத் தொடும்படி இறங்கினார். கீழே வந்து நின்றபோது ஹேண்டிலிலிருந்து கையை எடுக்க அவருக்குச் சிறிது நேரம் பிடித்தது. விரல்கள் மடங்கியபடியே இருந்தன.

"இந்த மேட்டை எதிர்ப்பக்கமா வந்தா ஏற முடியாதுக்கா, அதனாலதான் இப்படி வரைஞ்சேன்" என்றார் தம்பி.

"ஏறுறதுக்கு என்னப்பா பயம்? முடியலன்னா இறங்கித் தள்ளிட்டுப் போவேன். இறங்குறதுலதான் நிறுத்தவும் முடியாது, தள்ளவும் முடியாது" என்றார் அக்கா.

எங்கள் வழிகளெல்லாம் மேடுகளைத் தவிர்க்கும்படியே வரையப்பட்டிருந்தன. மெதுவாக ஓட்டுபவருக்கு மேடுதான் எதிரி என்று, மேட்டை விரும்பி ஏறுகிற நாங்களே முடிவுசெய்திருந்தோம். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில், 1878இல் நிறுவப்பட்ட ஆங்கிலேயச் சைக்கிள் பயணிகள் சங்கம் சாலைகளில் எச்சரிக்கைப் பலகைகள் நட்டபோது, அவை நின்றது மேடு தொடங்கும் இடத்தில் இல்லை. இறக்கம் தொடங்கும் உச்சியில்தான்.

அங்கேயே சாலையோரத்தில் உட்கார்ந்து வழியைத் தலைகீழாக்கிப் பார்த்தோம். வழியில் மொத்தம் 11 திருப்பங்கள். வரைந்த திசையில் அவற்றில் 7, எதிரே வரும் போக்குவரத்தைக் குறுக்கே கடந்து திரும்ப வேண்டியவை. திசையை மாற்றினால் அவை 4 ஆகிவிடும். கிழக்கு நோக்கிய அந்த 6 கிலோமீட்டர், சவாரியின் இறுதியில், சூரியன் மேலேறியபின், மேற்கு நோக்கிப் போகும் பகுதியாகிவிடும். பூங்கா 28ஆவது கிலோமீட்டராகி, 7:30க்கு மேல் வரும். மணல் படிந்த வளைவு ஏறும்போது வருமே தவிர இறங்கும்போது வராது. முன்பு ஏறிவந்த இடம் இறக்கமாகும். அது அகன்ற, நேரான சாலை. எதிராக இருந்தது ஒன்றே ஒன்று: 9 சதவீத 200 மீட்டர் ஏற்றம்.

அதற்கும் கணக்குப் போட்டோம். அக்காவின் சைக்கிளில் முன் பற்சக்கரத்துக்கு 34 பல், பின்னால் உள்ளவற்றில் பெரியதற்கு 28 பல். நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தால் மணிக்கு 9 கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதலான வேகம் வரும். ஆளும் சைக்கிளும் சேர்ந்து 85 கிலோ என்றால், 9 சதவீதச் சரிவில் ஏறுவதற்கு மட்டுமே ஏறத்தாழ 190 வாட் வேண்டும். பின்னால் 34 பல் இருந்தால் அதே சுற்றில் வேகம் 7.6 கிலோமீட்டராகக் குறைந்து, தேவை 160 வாட்டுக்குள் வந்துவிடும். பின்பக்கப் பற்சக்கரத் தொகுதியான கேசட்டை மாற்றிக்கொள்வது குறித்து அவர் யோசிப்பதாகச் சொன்னார். அதுவரை தள்ளிக்கொண்டு போனால் 200 மீட்டருக்கு 3 நிமிடம்.

எஞ்சிய தூரத்தில் நாங்கள் பார்த்ததெல்லாம் நிற்கத் தகுந்த இடங்களைத்தான். சனிக்கிழமையின் பஞ்சர் அதைக் கற்றுத்தந்திருந்தது. 14 சைக்கிள்கள் சாலையை விட்டு முழுவதும் விலகி நிற்க, இரு வரிசையாக நின்றாலும் 12 மீட்டருக்குக் குறையாத நீளம் வேண்டும்; வளைவிலிருந்து தொலைவாகவும் இருக்க வேண்டும். அப்படி ஐந்து இடங்கள் கிடைத்தன. பஞ்சரானால் அந்த இடத்திலேயே நின்றுவிடாமல், சக்கரத்தைத் தள்ளிக்கொண்டாவது அடுத்த இடத்துக்குப் போய்விடுவது என்று வைத்துக்கொண்டோம். 44 கிலோமீட்டரை முடிக்க 4 மணி 20 நிமிடம் ஆயிற்று. சவாரியைவிட வழி பார்ப்பது மெதுவான வேலை.

இரண்டு வாரம் கழித்து

சுற்றுவழியைச் சேர்த்து 46 கிலோமீட்டர். 12 பேர் வந்தார்கள். இரண்டு மாற்றங்களைச் செய்திருந்தோம். முதலாவது, திருப்பங்களில் குழு நிற்காது. முன்னவருக்கு அடுத்து வருபவர் மட்டும் திருப்பத்தில் இறங்கி நின்று கைகாட்டுவார். ஸ்வீப்பைக் கண்டதும் மீண்டும் குழுவில் சேர்ந்துகொள்வார். அடுத்த திருப்பத்துக்கு, அப்போது இரண்டாவதாக இருப்பவர். வலுவானவர்களுக்கு இதனால் ஓடி வந்து பிடிக்கும் வேலை கிடைக்கிறது, அதில் அவர்களுக்கு மகிழ்ச்சியே. இரண்டாவது, முழுக்குழுவும் கூடும் இடங்கள் மூன்று மட்டும்; அங்கே புறப்படும் நேரத்தைக் கடைசி ஆள்தான் சொல்வார்.

6:04க்குக் கிளம்பி 9:31க்கு முடித்தோம். ஓடிய நேரம் 156 நிமிடம், நின்ற நேரம் 51. அதில் கூடும் இடங்களின் ஓய்வு 28, ஒருவருடைய செயின் கழன்றதற்கு 5, சிறுசிறு நிற்றல்களுக்கு 9. மீதி 9 நிமிடம் நாங்கள் எதிர்பாராதது: திருப்பத்தில் நின்ற ஒருவர், தூரத்தில் வந்த வேறு யாரோ ஒரு சைக்கிள்காரரை ஸ்வீப் என்று எண்ணிக் கிளம்பிவிட்டார், பின்னால் வந்த நால்வர் வழி தவறினார்கள். அடுத்த சவாரி முதல் ஸ்வீப்புக்கு மஞ்சள் மேலங்கி.

அந்த 200 மீட்டரில் அக்கா பாதி வரை ஏறி, மீதியைத் தள்ளினார். முதல் கூடுமிடத்தை உச்சியில் வைக்காமல் அதற்கு 400 மீட்டர் அப்பால் வைத்திருந்தோம். ஆகவே அவர் உச்சியில் மறுபடி ஏறி உட்கார்ந்து, மூச்சு சீரானபின், மற்றவர்களைப் போலவே ஓட்டிக்கொண்டே வந்து சேர்ந்தார். இறங்கி, பாட்டிலைத் திறந்து, நிதானமாகக் குடித்து மூடிய பிறகுதான் "போலாம்" என்றார்.